இடது சிறுநீரக தானம்: அயோர்ட்டாவைச் சுற்றி ஓடும் ரீனல் வெயின்

யூரோ_பிஜி:
தானம் கொடுப்பவரின் சி.டி.யில் இடது ரீனல் வெயின் (சிறுநீரகச் சிரை) இரண்டாகப் பிரிகிறது. பெரிய கிளை அயோர்ட்டாவுக்கு (பெருந்தமனிக்கு) முன்னாலும் சிறியது பின்னாலும் போய் ஐ.வி.சி.யில் (கீழ்ப் பெருஞ்சிரையில்) சேர்கின்றன. தமனி ஒன்றுதான். லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழி அறுவையில்) இடதையே எடுக்கலாமா, வலதுக்கு மாறணுமா?

மாற்றுக்கத்தி:
இடதையே எடுங்க. வலது வெயின் 2–4 செ.மீ.தான் இருக்கும், இடது 6–10. கருவில் எல்லோருக்கும் அயோர்ட்டாவைச் சுற்றி ஒரு சிரை வளையம் உண்டு. இவருக்கு அதன் பின்பாதி மறையாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். முன் கிளையை, பெறுபவரின் சிரையோடு தைப்பதற்கு வைத்துக்கொண்டு பின் கிளையைக் கட்டி வெட்டிவிடலாம். சிறுநீரகத்துக்குள் சிரைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ரத்தம் தேங்காது. தமனியில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு கிளை போனால் அது ஊட்டிய பகுதி செத்துப்போகும்.

சிக்கல் வேறு இடத்தில். பின் கிளை பெரும்பாலும் கீழ்நோக்கிச் சரிந்து போகும், லம்பார் வெயின்கள் (இடுப்பு முதுகுப் பகுதிச் சிரைகள்) அதில்தான் வந்து விழும். அட்ரினல் சுரப்பியின் வெயின் வழக்கமாக முன் கிளையில் சேரும், கோனாடல் (விதை அல்லது சினைப்பையின் சிரை) பெரும்பாலும் பின் கிளையில். தமனியைத் தேடி சிறுநீரகத்தை உள்பக்கம் புரட்டும்போது பின் கிளை இழுபட்டு வேரோடு பிய்யும். அதனால் புரட்டுவதற்கு முன்பே கோனாடல், அட்ரினல், லம்பார் மூன்றையும் பிரித்து, பின் கிளையையும் முடித்துவிடுங்க. ஸ்டேப்ளர் (குழாயை ஊசி வரிசை போட்டு மூடி வெட்டும் கருவி) விழப்போகும் கோட்டில் உலோக கிளிப் வேண்டாம். கிளிப் மேல் ஸ்டேப்ளர் கடித்தால் சிக்கிக்கொள்ளும், அல்லது ஊசி விழாமலே வெட்டிவிடும்.

ஸ்கேன்_அறை:
தமனிக் கட்டப் படங்களை (சாயம் தமனியில் இருக்கும்போது எடுத்தவற்றை) மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதினால் லம்பார் வெயின்கள் தப்பிவிடும். சிரைக் கட்டமும் எடுத்திருக்கணும். குறுக்குவெட்டுப் படங்களை எஸ்.எம்.ஏ. (குடலுக்குப் போகும் மேல் தமனி) தொடங்கும் இடத்திலிருந்து எல்4 (நான்காவது இடுப்பு முதுகெலும்பு) வரை நகர்த்திப் பாருங்க, பின் கிளை ஒன்றிரண்டு முதுகெலும்பு கீழேகூட இறங்கும். ரிப்போர்ட்டில் இரு கிளைகளின் விட்டமும், பிரியும் இடம் ஹைலத்திலிருந்து (சிறுநீரகத்தில் குழாய்கள் நுழையும் வாயிலிருந்து) எத்தனை மி.மீ. என்பதும் இருக்கணும். இன்னொன்று: ஐ.வி.சி. இடப்பக்கம் இருந்தாலோ இரண்டாக இருந்தாலோ, சாயம் ஏறாத முதல் கட்டத்தில் அது அயோர்ட்டா பக்கத்தில் நெறிக்கட்டி மாதிரியே தெரியும். கீழே இலியாக் (இடுப்புச் சிரை) வரை தொடர்ந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

யூரோ_பிஜி:
நன்றி சார். முன் கிளையே இல்லாமல், முழுசும் பின்னால் ஓடினால்?

மாற்றுக்கத்தி:
நூறில் 2–3 பேருக்கு அப்படி. அயோர்ட்டாவின் இடது விளிம்போடு ஸ்டேப்ளர் போடணும்; நீளம் குறையும், ஆனாலும் பெரும்பாலும் வலது வெயினுக்குக் குறையாது.

ரத்தக்குழாய்_வார்டு:
அயோர்ட்டா அனியூரிசம் (பெருந்தமனி வீக்கம்) அறுவை செய்கிறவர்களும் இதைக் கவனிக்கணும். பிடித்துத் தூக்க டேப் போடுவதற்காக அயோர்ட்டாவுக்குப் பின்னால் விரலைச் சுற்றிவிட்டால் இந்த வெயின்தான் கிழியும், அதுவும் கண்ணுக்கு எட்டாத இடத்தில். இரு பக்கமும் மட்டும் விடுவித்து, கிளாம்பை (ரத்தத்தை நிறுத்தும் கவ்வியை) முன்னிருந்து முதுகெலும்பு வரை நேராக இறக்குங்க. கிழிந்துவிட்டால் பேக் (துணித் திரள்) வைத்து அழுத்துங்க. சில சமயம் அயோர்ட்டாவைக் குறுக்கே வெட்டினால்தான் தையல் போட இடம் கிடைக்கும்.