'பின்தங்கும் இழை'க்கு மாற்றுச் சொல்: 'விட்டுவளர் இழை'

டி.என்.ஏ. இரட்டிப்பாதலில் (அது படியெடுக்கப்படுகையில்) துண்டு துண்டாக உருவாகும் புதிய இழையான 'லேகிங் ஸ்ட்ராண்ட்' என்பதற்கு நாம் வழங்கிவரும் 'பின்தங்கும் இழை' மாணவரைத் தவறான பக்கம் திருப்புகிறது என்று, இச்சொல் குறித்து எனக்கு முன் எழுதிய ஐயா சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். காட்பாடியில் தமிழ்வழி மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். அந்த இழையில் நொதி மெதுவாக வேலை செய்கிறது என்ற விடை ஆண்டுதோறும் தாள்களில் வருகிறது. பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது, சொல்லே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு ஈடாக ஐயா முன்மொழிந்த 'துண்டிழை'யை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

டி.என்.ஏ.யின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை; புதிய இழையைக் கட்டும் பாலிமரேஸ் நொதியோ அதை 5' முனையிலிருந்து 3' முனை நோக்கி (இழையின் இரு முனைகளின் பெயர்கள் இவை) மட்டுமே வளர்க்கவல்லது. ஆகவே பழைய இழைகள் இரண்டும் பிரியும் இடமான கவை விரிய விரிய, ஒரு வார்ப்பு இழையின்மீது (படியெடுக்கப்படும் பழைய இழை) நொதி கவையைத் தொடர்ந்தே செல்ல, மற்றதன்மீது கவைக்கு எதிர்த்திசையில் கட்டிக்கொண்டு போய், விட்டு, மீண்டும் கவையருகே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. தொடக்கியும் தேவைப்படுகிறது. ஈ. கோலை பாக்டீரியாவில் கவை நொடிக்கு ஏறத்தாழ 1,000 நியூக்ளியோடைடு (டி.என்.ஏ.யின் அலகு) வேகத்தில் நகர, இரண்டு புதிய இழைகளும் அதற்கு ஈடுகொடுத்தே உருவாகின்றன. வார்ப்பு வெளிப்பட்ட பிறகே ஒவ்வொரு துண்டும் தொடங்க முடியும் என்பதால் சிறு காத்திருப்பு உண்டு. 'பின்தங்கும்' என்பதற்கு உள்ள நியாயம் அவ்வளவே.

இனி 'துண்டிழை'. ரெய்ஜி ஒகசாகியும் சுனேகோ ஒகசாகியும் தம் குழுவினரோடு 1968இல் வெளியிட்ட சோதனையில், புதிய டி.என்.ஏ.யில் சேரும் கதிரியக்கத் தைமிடினைக் குறியீடாகச் சில நொடிகளே கொடுத்தபோது அது சிறு துண்டுகளில் தென்பட்டது. நேரத்தைக் கூட்டியபோது அதே குறியீடு நீண்ட இழைகளுக்குள் போய்விட்டது. இணைப்பு நொதியான லைகேஸில் குறைபாடுள்ள டி4 வைரஸில் மட்டும் துண்டுகள் சேராமல் தேங்கின. துண்டாக இருப்பது அந்த இழையின் இயல்பன்று, அது வளரும் வழியில் கடக்கும் ஒரு நிலை என்பதே இதன் பொருள். ஆரணி நெசவாளர்கள் பழைய பாவு தீருமிடத்தில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார்கள். பிணைத்தபின் தறியில் ஓடுவதை யாரும் துண்டுப் பாவு என்று சொல்வதில்லை.

எனவே, இழை எப்படி இருக்கிறது என்பதை விட்டு எப்படி வளர்கிறது என்பதைச் சொல்லும் 'விட்டுவளர் இழை' பொருந்தும் எனக் கருதுகிறேன். 'விட்டு விட்டு மழை பெய்கிறது' என்னும் வழக்கில் உள்ள 'விட்டு'தான் இது, ஆகவே விளக்கம் வேண்டாமலே புரியும். 'வளர்இழை' வினைத்தொகை ஆதலால் காலம் காட்டாது. வளர்ந்து முடிந்த இழைக்கும் இச்சொல் தடையின்றி நிற்கும். இணைச்சொல்லாகத் 'தொடர்வளர் இழை' வந்தால், இரண்டையும் அருகருகே படிக்கும்போதே வேறுபாடு விளங்கிவிடும். 'விட்டு' என்பது பேச்சுவழக்காக ஒலிக்கிறது என்றால் 'இடைவிட்டுவளர் இழை' எனலாம். ஆனால் கரும்பலகையில் படத்துக்குப் பக்கத்தில் எழுத அது நீளம்.

'ஒகசாகி துண்டுகள்' என்பதை மாற்றத் தேவையில்லை, அங்கே துண்டு என்பது துண்டையே குறிக்கிறது. பாடநூலில் பழகியவர்களுக்காக, புதிய சொல் முதன்முறை வருமிடத்தில் 'பின்தங்கும் இழை எனவும் வழங்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.