புதுப்பிப்பு: வி.ஆர். குமட்டல், இப்போது பரவாயில்லை

வி.ஆர். (கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் திரை) கார் ரேஸ் விளையாட்டில் பத்தே நிமிடத்தில் குமட்டுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். "கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துங்கள்" என்று நீங்கள் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ரொம்ப நன்றி.

நேற்று பெங்களூரு மடிவாளா அறையில் உட்கார்ந்து, ஓரத்தில் பறக்கும் மரங்களை விட்டுவிட்டு, சாலை போய் முடியும் புள்ளியையே பார்த்தேன். அரை மணி நேரம் தாங்கியது! உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்க, ஓரப்பார்வை மட்டும் ‘ஓடுகிறோம்’ என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ இல்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்ட வைக்கிறது. நகரும்போது பார்வைப் பரப்பைச் சுருக்கினால் உபாதை குறைவதை 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காட்டியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் அதையும் போட்டுவிட்டேன்.

சரி, கூர்மையான வளைவுகளில் மட்டும் இன்னும் வயிறு புரட்டுகிறது. அங்கே எதைப் பார்க்கிறீர்கள், சொல்லுங்களேன்.