செங்கோட்டைப் பக்கம் பேக்பைப் வைத்து ராக் வாசிக்கும் குழு: எப்படி ஆரம்பித்தது?

தென்மலைவாசி:
போன ஞாயிறு புனலூர்ப் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவில் செங்கோட்டைக் குழு ஒன்று வாசித்தது. டிரம்ஸ், பேஸ், கிடார், நடுவில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், பையில் காற்றை நிரப்பிக் குழல்களை ஒலிக்கவைக்கும் பேக்பைப்போடு. அணிவகுப்பில் மட்டுமே நான் பார்த்திருந்த வாத்தியம் அது. ஸ்காட்லாந்து மெட்டுகளை ராக் தாளத்தில் வாசித்தார்கள், கூட்டம் கலையவே இல்லை. இது எப்படித் தொடங்கியது என்று யாருக்காவது தெரியுமா?

சாரல்கிடார்:
அந்தக் கிடார்க்காரன் நான்தான். பெரியவர் என் தாய்மாமா. ராணுவத்தில் பைப் பேண்டில் 22 வருடம் வாசித்தவர். ஓய்வு பெற்று வரும்போது சொந்தக் காசில் வாங்கிய பேக்பைப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வாசிக்க முடியாது. மெதுவாக ஊதலாம் என்றால் சுதி தளர்ந்து சத்தமே நின்றுபோகும். அதனால் சாயங்காலம் ஆனால் புளியரை வயல் வரப்பில் போய் நின்று வாசிப்பார்.

நாங்கள் மூன்று பேர் பக்கத்து நெல் குடோனில் சினிமாப் பாட்டு பழகிக்கொண்டிருந்தோம். கொல்லம் ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த 2018-ல் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி மாமா உள்ளே வந்தார். சேர்ந்து வாசித்துப் பார்த்தோம், காது கூசியது. பேக்பைப்காரர்கள் 'ஏ' என்று எழுதும் சுரம் நம் ஏ-க்கு அரைச் சுரம் மேலே இருக்கும் பி ஃபிளாட்டையும் தாண்டி ஒலிக்கும். கிடாரின் ஏ 440 ஹெர்ட்ஸ். மாமாவின் குழல் அன்றைக்கு 475-க்குப் பக்கத்தில் நின்றது. வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்து, "மாமா, கொஞ்சம் இறக்குங்க" என்றேன். "இது இறங்காது மருமகனே, நீங்க ஏறி வாங்க" என்றார்.

எங்கள் குழு பிறந்தது அந்த வார்த்தையில்தான் என்று நான் நம்புகிறேன். கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை முதல் கட்டில் போட்டு, அதற்கு மேலும் கம்பியை முறுக்கி, அவருடைய ஒத்தோடு, அதாவது ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் குழல்களோடு, சேரும்வரை ஏறினோம். பேக்பைப்பில் ஒத்துக் குழலே மூன்று இருக்கிறது, இரண்டு டெனர், ஒரு பேஸ். அவை சட்ஜத்தை விட்டு அசையாதபோது கிடார் கண்டபடி ஊர் சுற்ற முடியாது. நாங்கள் பழகியிருந்த கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களில்) பாதியைத் தூக்கிப் போட்டோம். வாசிக்கும் குழலிலும் ஒன்பதே சுரம்தான். அம்மா அடுப்படியில் இருந்தே கேட்டுவிட்டு, "இது ஹரிகாம்போஜி ராகம் மாதிரியில்ல இருக்கு" என்றார். உண்மைதான், அதே சுர வரிசை.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்துப் பழைய மெட்டுகளை ராக்கோடு சேர்ப்பதற்குக் கெல்டிக் ராக் என்ற பேர் இருப்பதே அப்புறம்தான் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1973-ல் ஒரு டான்ஸ் பேண்டாக ஆரம்பித்த ரன்ரிக்கின் பாட்டுகளைப் பேஸ் வாசிக்கும் நண்பர் கொண்டுவந்தார். ஊர் விசேஷத்துக்கு வாசித்தே ஒரு குழு வளரலாம் என்ற தைரியம் அதில்தான் வந்தது.

சீவாளி:
அண்ணாச்சி, எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக நாதஸ்வரம். சாரல் காலத்தில் உங்கள் மாமா சீவாளியை, அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் நாக்கை, எப்படிச் சமாளிக்கிறார்? எங்களுக்கு ஜூன் வந்தாலே சீவாளி ஊறிப்போய் சுதி நிற்காது.

இன்னொன்று. பிரான்ஸின் வடமேற்கில் பிரிட்டனி என்று ஒரு கெல்டிக் பகுதி. அங்கே பொம்பார்ட் என்ற சீவாளி வாத்தியத்தைச் சின்ன பேக்பைப்போடு ஜோடியாக வாசிப்பார்கள், நம் நாதஸ்வரமும் ஒத்தும் மாதிரி. அந்த ஊர்ப் பூர்வீகக்காரர் அலன் ஸ்டிவெல் 1972-ல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் இதையெல்லாம் எலக்ட்ரிக் கிடாரோடு சேர்த்து வாசித்தார். அவசியம் கேளுங்கள்.

சாரல்கிடார்:
எங்களுக்கும் அதே பாடுதான் தம்பி. முதல் மேடையே ஆடி மாதம், நல்ல சாரல். மூன்றாவது பாட்டில் ஒத்து ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. மாமா பாதியில் நிறுத்திவிட்டுக் கண் கலங்கினார். அதற்கப்புறம் மேடை ஏறும் முன் இருபது நிமிஷமாவது ஊதி, குழலைச் சூடாக்கிய பிறகுதான் கம்பிகளைச் சுதி சேர்க்கிறோம். நேரம் தராத மேடைக்கு ஒப்புக்கொள்வதில்லை. பொம்பார்ட் சங்கதி புதுசு, இன்றைக்கே மாமாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

தென்மலைவாசி:
என் மகளுக்கு 12 வயது. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். பை ரொம்பப் பெரிதாக இருக்கிறதே?

சாரல்கிடார்:
பை இப்போது வேண்டாம். பயிற்சிக் குழல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பை கிடையாது, வாயால் ஊதுவது, வீட்டிலேயே வாசிக்கலாம். விரல் படிய எப்படியும் பல மாதம் ஆகும். ஒரே சுரம் இரண்டு தரம் வந்தால் நடுவே மூச்சை நிறுத்த முடியாது, குட்டிச் சுரம் ஒன்றைச் சொடுக்கித்தான் பிரிக்க வேண்டும். அதைத்தான் மாமா முதலில் சொல்லித் தருவார். ஞாயிற்றுக்கிழமை மதிய ரயிலில் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.