தைராய்டு டெஸ்ட்டுக்கு முன்னாடி முடி மாத்திரையை நிறுத்தினீங்களா?

தக்கலைக்காரி:
போன வருஷம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல்ல. பத்து வருஷமா தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுறேன், டிஎஸ்எச் (உடம்புல தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா ஏறும், கூடினா இறங்கும்) எப்பவும் மூணுக்குள்ளதான். அன்னைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாங்க. காலைல ஆறரை, நல்ல மழை. வந்த பையன் நனைஞ்ச கோட்டை வராந்தாவுல தொங்கப் போட்டுட்டு, என் கையில ரப்பர் பட்டையைக் கட்டிக்கிட்டே கேட்டான்: "அக்கா, வேற மாத்திரை ஏதும் உண்டா?"

"தைராய்டு மாத்திரை மட்டும்தான் தம்பி, அதையும் இன்னும் போடல்ல."

சொல்லும்போது நேர் எதிர்ல டிவி பக்கத்துல முடி கொட்டுறதுக்கு வாங்கின டப்பா. பயோட்டின்ங்கிற வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். அது ஒரு மாத்திரைன்னே எனக்குத் தோணல்ல.

ரிப்போர்ட்ல டிஎஸ்எச் 0.05, ஃப்ரீ டி4ங்கிற தைராய்டு ஹார்மோன் கூடுதல். தைராக்சின் கூடிப்போச்சுன்னு டோஸை 50 ஆக்கினாங்க. ரெண்டு மாசம் உட்கார்ந்த இடத்துல தூக்கம், முகமெல்லாம் வீக்கம். அப்புறம் நாகர்கோவில்ல வேற டாக்டர்தான் "முடிக்கு என்ன சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டாரு. முடி மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திட்டு ரத்தம் எடுத்தா டிஎஸ்எச் 11.

குளச்சல் கடற்கரை:
லேப் தப்பா இருக்கும். என் வீட்டுக்காரி தினமும் மல்ட்டிவைட்டமின் போட்டுக்கிட்டுதான் ரத்தம் கொடுக்கா. ஒரு தடவைகூட மாறினது இல்ல.

கருங்கல் மைனி:
குளச்சல் அண்ணே, லேப் தப்பு இல்ல. சாதாரண மல்ட்டிவைட்டமின்ல பயோட்டின் கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியதே 30 மைக்ரோகிராம். முடி, நகத்துக்குன்னு விக்கிறதுல 5,000, 10,000 இருக்கு. அதுதான் சிக்கல். எல்லா மிஷினும் ஏமாறாது. பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின்ங்கிற புரதமும் ஒட்டுறதை வச்சு அளக்கிற மிஷின்லதான், ரத்தத்துல மிதக்கிற பயோட்டின் முந்திப்போய் ஒட்டிக்கிடும். அப்போ டிஎஸ்எச் குறைச்சலாவும் டி4, டி3 கூடுதலாவும் காட்டும். அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷன் குறைஞ்சது ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லுது. ரொம்ப கூடுதல் டோஸ்னா இன்னும் நாள் வேணும், டாக்டர்கிட்ட கேளுங்க. டப்பாவைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல பி7ன்னு இருக்கான்னும் பாருங்க, அதுவும் பயோட்டின்தான். இதைக் கேட்டுட்டு யாரும் தைராக்சினை நிறுத்திராதீங்க. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் தைராக்சினுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. நெஞ்சுவலிக்குப் பாக்கிற ட்ரோபோனினையும் பயோட்டின் குறைச்சுக் காட்டும், 2017லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா கேக்காமலே சொல்லிருங்க.



மார்த்தாண்டம் அம்மை:
எனக்க மகளுக்கு தைராய்டைத் தூண்டுற ஆன்டிபாடியும் கூடுதலா வந்து, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிற கிரேவ்ஸ் நோயா இருக்கும்னு திருவனந்தபுரம் அனுப்பினாங்க. பஸ்ஸுல வழி முழுக்க அழுதேன். அங்க டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வச்சிட்டு, பிள்ளையோட ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, நடுக்கம் உண்டான்னு மேல ஒரு தாளை வச்சுப் பார்த்தாங்க. தாள் அசையவே இல்ல. நாடி 72. "ரிப்போர்ட்டு சொல்லுற ஆளு இவ இல்லியே"ன்னாங்க. அப்புறம்தான் பேச்சு ஹாஸ்டல்ல அவ தின்னுற முடி மாத்திரைக்கு வந்தது.

தக்கலைக்காரி:
மைனி, அந்தப் பையன் கேட்டான், நான்தான் சொல்லல்ல. அதுதான் உறுத்துது. வியாழக்கிழமை மறுபடி வாறான். டப்பாவைப் போன ஞாயிறோட மூடியாச்சு, சீட்டுல அதையும் எழுதி வச்சிருக்கேன்.