முதல் வெளிநாட்டுக் குடும்பப் பயணத்துக்கு ஜப்பானா? வேண்டாம் என்கிறேன்

பயணப்பெட்டி

கோடை விடுமுறை நெருங்க நெருங்க இந்த மன்றத்தில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: தாத்தா பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர். சைவம். பத்து நாள். ஜப்பான் போகலாமா? எல்லாரும் "யோசிக்காமல் கிளம்புங்கள்" என்கிறீர்கள். நான் யோசிக்கச் சொல்கிறேன்.

சுத்தம், பாதுகாப்பு, நேரம் தவறாத ரயில், இதிலெல்லாம் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்கிறோம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான 7 நாள் ஜப்பான் ரயில் பாஸ் (ஜே.ஆர். பாஸ்) 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபர் 1 அன்று அதை 50,000 ஆக்கினார்கள். 2019-இல் 3.19 கோடிப் பேர் வந்த நாட்டுக்கு 2024-இல் 3.69 கோடிப் பேர் வந்தார்கள். முதல்முறை போகிறவர்களில் அநேகம் பேர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று அதே தடத்தில்தான் போகிறார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று 2024-இல் பலகை வைத்துவிட்டார்கள். கவாகுச்சிகோவில் ஃபுஜி மலையோடு சேர்த்துப் படம் எடுக்க ஒரு கடைமுன் கூடிய கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், அதே ஆண்டு மே மாதம் மலையே தெரியாதபடி கறுப்புத் திரை கட்டினார்கள். சில மாதம் கழித்துத்தான் இறக்கினார்கள்.

இதற்கு மேல் சாப்பாடு. மீன் இல்லாத ஒரு கிண்ணம் சூப் கிடைப்பதே பாடு. அப்புறம் பெட்டியை விரித்து வைக்க இடமில்லாத அறைகள். முதல் பயணத்திலேயே வயதானவர்களை இதில் இழுத்துவிட வேண்டுமா?

நாலாம்_நடைமேடை

பயணப்பெட்டி சார், பாஸ் விலை ஏறியது உண்மை. ஆனால் பாஸ் இல்லாமல் ஜப்பானில் ரயில் ஏற முடியாது என்ற நினைப்புதான் இப்போது செல்லாது.

கணக்கைப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கை ஏறக்குறைய 14,000 யென். போக வர 28,000. பழைய 29,650 பாஸ் இதோடு விமான நிலைய ரயிலையும் சேர்த்தால் லாபமாக இருந்தது. இப்போது ஹிரோஷிமாவரை நீட்டினாலும் (கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 11,500, ஹிரோஷிமா–டோக்கியோ சுமார் 19,500) மொத்தம் 45,000-தான் வருகிறது. தனித்தனி டிக்கெட்டே மலிவு. 6 வயது முதல் 11 வரை அரைக் கட்டணம். அதற்குக் கீழே, தனி இருக்கை கேட்காவிட்டால், ஒரு பெரியவரோடு இரண்டு குழந்தைகள் இலவசம்.

ஹிரோஷிமா, மியாஜிமா தீவு பார்க்க ஆசையிருந்தால் ஒசாகாவில் தங்கிக்கொண்டு கன்சாய்–ஹிரோஷிமா 5 நாள் பாஸ் எடுக்கலாம். 2023-இல் அதையும் ஏற்றினார்கள், 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்வரவே 21,000 ஆகும். மியாஜிமா படகும் அதில் அடக்கம். ஒரே ஓர் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள்: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே ஓடும் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) இன்னொரு ஜே.ஆர். நிறுவனத்துடையது, அதில் இந்தப் பாஸ் செல்லாது. அந்தத் துண்டுக்குச் சாதாரண ரயிலில்தான் வர வேண்டும்.

கொத்தமல்லி

ரயிலை நாலாம் நடைமேடை பார்த்துக்கொள்வார். சாப்பாட்டு விஷயத்தில் பயணப்பெட்டி ஐயா சொல்வதில் முக்கால்வாசி சரி.

பிரச்சினை மீன் துண்டில் இல்லை, தாஷியில் இருக்கிறது. புகைபோட்டுக் காயவைத்த கட்சுவோ என்ற சூரை வகை மீனைச் சீவி வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. மீசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், பஜ்ஜி மாதிரியான டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, காய்கறி வேகவைத்தது என்று எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான். "மீன் இல்லை" என்று கடைக்காரர் உண்மையாகவே நம்பிச் சொல்வார். அவர் கணக்கில் தாஷி மீன் ஆகாது, நம் ஊரில் பெருங்காயத்தைத் தனியாக எண்ணாத மாதிரி. அதனால் "சைவமா?" என்று கேட்டுப் பயனில்லை. "கட்சுவோ தாஷி சேர்த்ததா?" என்று கேட்க வேண்டும்.

பொட்டலத்தில் ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவற்றைக் கட்டாயம் போட வேண்டும். கட்சுவோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது. கட்டம் காலியாக இருந்தாலும் உள்ளே மீன் சாறு இருக்கும். முழுச் சேர்மானப் பட்டியலைத்தான் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டு எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இறைச்சி எழுத்து, கதவு நிலைக்குள் இரண்டு ஆள் ஒருவர் மேல் ஒருவர் நிற்பது போல இருக்கும். மீன் எழுத்துக்கு நடுவில் நாலு கட்டம் போட்ட ஒரு சதுரம், அடியில் வரிசையாக நாலு புள்ளி. இடப்பக்கம் மீன் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு மீனின் பெயர். ஆனால் கட்சுவோவை மூன்று சாதாரண எழுத்தில் எழுதுவதும் உண்டு, அதற்குக் கேமராதான் துணை.

பயணப்பெட்டி

அக்கா, நான் சொல்ல வந்ததும் இதுதான். ஒவ்வொரு வேளைக்கும் கேமராவைத் தூக்கிப் பிடித்து எழுத்து ஆராய்ச்சி செய்வது பயணமா? பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு?

நாலாம்_நடைமேடை

எலக்ட்ரிக் குக்கரை எடுத்துக்கொண்டு போனால் தீர்ந்தது. சிங்கப்பூர், மலேசியா போகிற நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

கொத்தமல்லி

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட். நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. மின்னழுத்தம் பாதிக்கும் கீழே போனால் சூடு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 600 வாட் குக்கர் அங்கே 115 வாட் கூடக் கொடுக்காது. அரிசி ஊறிக் கொழகொழவென்று நிற்குமே தவிர வேகாது. போன், மடிக்கணினி சார்ஜரில் 100–240 என்று அச்சடித்திருந்தால் பயமில்லை, தட்டையான இரண்டு கம்பி உள்ள அடாப்டர் மட்டும் போதும். சமைக்க அனுமதிக்காத ஹோட்டல் அறையில் குக்கர் வைப்பது வேறு வம்பு.

அரிசியும் கொண்டுபோக வேண்டாம். அரிசி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாம்பழம் எல்லாம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகாது.

இப்படிச் செய்யுங்கள். கடைகளில் வெந்த சோறு 200 கிராம் பெட்டியாகக் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். சாதாரண பிசினஸ் ஹோட்டல்களில்கூட மைக்ரோவேவ் பெரும்பாலும் பொது இடத்தில் இருக்கும், அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இருக்கும். இனிப்பில்லாத தயிர் 400 கிராம் டப்பா எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. இனிப்புப் போட்ட சின்னக் கிண்ணத் தயிர்களில் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அதைத் தவிர்த்தால் போதும். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, மாவடு. ஜப்பான் அரிசி ஒட்டுகிற அரிசி, தயிர்சாதத்துக்கு நம் அரிசியைவிட நன்றாகக் குழையும். இரவுச் சாப்பாடு முடிந்தது.

பகலில் வெளியே: உப்பு மட்டும் போட்ட ஓனிகிரி (சோற்று உருண்டை), வேகவைத்த எடமாமே (பச்சை சோயா காய்), குளிர்ந்த டோஃபு (மேலே தூவும் மீன் சீவலை முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்). உமே (ஊறுகாய்ப் பழம்) வைத்த ஓனிகிரி பாதுகாப்பு என்று பலர் எழுதுகிறார்கள், அதில் கட்சுவோ கலந்த வகையும் உண்டு. கொம்பு கடற்பாசி வைத்ததும் அப்படியே.

இந்திய உணவகம் இல்லாத நடுத்தர ஊர் அங்கே குறைவு. டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, தோசையே கிடைக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் கோயாசான் என்ற மலைக்கோயில் ஊரில் கோயில் விடுதியில் தங்கி ஷோஜின் உணவு சாப்பிடுங்கள். புத்தத் துறவிகளின் மரபுச் சமையல் அது, கடற்பாசியும் காய்ந்த ஷிடாகே காளானும் போட்டுத்தான் சாறு எடுப்பார்கள். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டி உறையவைத்த ஒரு வில்லை வரும், பேர் கோமா-தோஃபு. வாயில் போட்டால் எள்ளுருண்டை வாசனை, வெண்ணெய் மாதிரி கரையும். சைவக்காரர்களுக்கு அந்த நாடு வைத்திருக்கும் உண்மையான விருந்து அதுதான்.

மாடிப்படி

யாரும் முழங்காலைப் பற்றிப் பேசவில்லையே. 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாஸ் விலையைவிடத் தூரம்தான் எதிரி. டோக்கியோ நிலையத்தில் டிஸ்னி பக்கம் போகும் கெய்யோ லைன் நடைமேடைக்கு மற்ற நடைமேடைகளிலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். வரைபடத்தில் "ஒரே நிலையம், மாறிக்கொள்ளவும்" என்றுதான் காட்டும். லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது, பல நிலையங்களில் ஏதோ ஒரு வாசலில் மட்டும். எந்த எண்ணுள்ள வாசல் என்று முந்தைய இரவே பார்த்துவைக்க வேண்டும்.

ஆனால் பயணப்பெட்டி சார், சக்கர நாற்காலி என்று வந்துவிட்டால் அங்கே நடப்பது வேறு. கேட்டில் இருக்கும் ஊழியரிடம் சொன்னால் கூடவே வந்து, ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே பலகை போட்டு ஏற்றி, இறங்கும் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுவார். கதவு திறக்கும்போது அங்கே ஒருவர் பலகையோடு நிற்பார். நிலையத்துக் கழிவறையும் இலவசம், சுத்தம். பெரியவர்களை வெளியூர் அழைத்துப்போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பயணப்பெட்டி

இதை மறுக்கமாட்டேன். பெட்டிகள்? ஆறு பேருக்கு ஆறு பெட்டி. ஷின்கான்சென்னில் பெரிய பெட்டிக்குத் தனி முன்பதிவு வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் பிடிக்கிறார்களே?

நாலாம்_நடைமேடை

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால்தான் அந்த விதி. விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குப் பொதுவான வரம்பே 158. நம் பெட்டி பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். தைப்பதற்கு வைத்திருக்கும் நாடாவால் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி தக்யூபின். காலையில் ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்து அடுத்த ஹோட்டல் முகவரியைக் காட்டினால் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மறுநாள் போய்ச் சேரும். ஒரு பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென். மறுநாள்தான் வரும் என்பதால் ஓர் இரவுக்கு மாற்றுத்துணியும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரையைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

கையில் பெட்டி இல்லையென்றால் ஷின்கான்சென் எவ்வளவு சுகம் தெரியுமா? சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. மூன்று இருக்கைப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிசை எடுங்கள். நடைபாதைப் பக்கம் இருக்கைக்குக் கீழே பெடல் இருக்கும், மிதித்துத் திருப்பினால் ஆறு பேரும் எதிரெதிரே உட்காரலாம். ஃபுஜி பார்க்க வேண்டுமென்றால் மட்டும் இரண்டு இருக்கைப் பக்கம், E எழுத்து ஜன்னல். டோக்கியோவில் கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வலப்பக்கம் தெரியும், மேகம் இல்லாவிட்டால்.

காகித டிக்கெட் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு வரும், பயணச்சீட்டு ஒன்று, விரைவு ரயில் சீட்டு ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே துவாரத்தில் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் கேட் மூடிக்கொள்ளும். மறுமுனையில் வெளியே வரும், மறக்காமல் எடுக்க வேண்டும், இறங்கும்போது அதே சீட்டு வேண்டும்.

பயணப்பெட்டி

சரி. கியோட்டோ கூட்டத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

மாடிப்படி

பேருந்தை விட்டுவிட்டால் பாதிக் கூட்டம் குறைந்த மாதிரி. ஃபுஷிமி இனாரிக்கு ஜே.ஆர். நாரா லைனில் கியோட்டோவிலிருந்து இரண்டாவது நிலையம். நாள் முழுக்கத் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது. அதிகாலை எழுந்து கோயில் போகும் பழக்கமுள்ள நம் பெரியவர்களுக்கு அந்த நேரம் சிரமமே இல்லை. எட்டு மணிக்குள் பார்த்துவிட்டு, பத்து மணிக்குப் பேருந்துகள் வரும்போது அறைக்குத் திரும்பிவிடலாம்.

பயணப்பெட்டி

அறை என்றதும் ஞாபகம் வருகிறது, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பிசினஸ் ஹோட்டல் இரட்டை அறை 12 முதல் 15 சதுர மீட்டர். ஆறு பேருக்கு மூன்று அறை. ஜப்பானியத் தளங்களில் விலை பல சமயம் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும், அறை விலை என்று நினைத்துப் போட்டால் பட்ஜெட் இரண்டு மடங்கு.

கொத்தமல்லி

சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அபார்ட்மென்ட் ஹோட்டல் பாருங்கள். ஆறு பேர் ஒன்றாகத் தூங்கலாம். அங்கேயே வாங்கிய அரிசியில் அங்கேயே உள்ள குக்கரில் சமைக்கலாம்.

பயணப்பெட்டி

அது கிடைத்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். கிடைப்பதுதான் கேள்வி. நம் பள்ளி விடுமுறையில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுடைய கோல்டன் வீக் தொடர் விடுமுறை. நாடே ஊருக்குக் கிளம்பும், நொசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே இருக்காது. ஜூன் பிறந்தால் மழைக்காலம். அதனால்தான் முதல் பயணத்துக்கு வேண்டாம் என்று இன்னும் சொல்கிறேன்.

நாலாம்_நடைமேடை

அப்படியானால் மே இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை. குளிரும் இல்லை, மழைக்காலமும் தொடங்கியிருக்காது. அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். ரயில் இருக்கைப் பொது விற்பனை பயணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும், நமக்குக் காலை 6.30. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முந்தைய நாளே இயக்கிவையுங்கள், ஓடிபி வராமல் அட்டை மறுக்கப்படுவது அங்கேதான். முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டால் அதே நாளில் பின்னால் வரும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறலாம். சலுகை விலையில் எடுத்த டிக்கெட்டுக்கு மட்டும் அது கிடையாது. பெரியவர்கள் இருந்தால் சலுகையை விட்டுவிட்டு முழு விலைக்கே எடுங்கள்.

மாடிப்படி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இ-விசா அறிவிப்பை விமான நிலையத்தில் இணையத்தோடு போனில் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் ஏற்கமாட்டார்கள். தாத்தா பாட்டியுடையதையும் இணையம் உள்ள ஒருவர் போனில் போட்டு வையுங்கள்.