லூக்கா ஏழில் பெயர் எங்கே இருக்கிறது?

கலிலேயன்:
"வேசியாயிருந்த மகதலேனா மரியாளையே ஆண்டவர் மன்னித்தார்" என்று நேற்று ஒருவர் இங்கே போகிறபோக்கில் எழுத, வரிசையாக ஆமென் போட்டிருக்கிறீர்கள். போன ஈஸ்டருக்கு எங்கள் சபை நாடகத்திலும் இதே கூத்துதான். மகதலேனாவாக நடித்த பிள்ளைக்குச் சிவப்புச் சேலை, கழுத்து நிறையக் கவரிங், தலையில் இரண்டு முழம் மல்லிகை. மார்த்தாளுக்கு மட்டும் வெள்ளைச் சேலை! லூக்கா சுவிசேஷம் 7-ல் பரிமளதைலப் பரணியோடு வந்து ஆண்டவர் பாதத்தில் அழுத பெண்ணுக்குப் பெயரே கிடையாது. மகதலேனா அடுத்த அதிகாரத்தில், 8:2-ல்தான் வருகிறாள், அதுவும் புது ஆளாக. இரண்டு பேரையும் லாசருவின் சகோதரியான பெத்தானியா மரியாளையும் சேர்த்து ஒரே ஆளாக்கி 591-ல் ரோமில் பிரசங்கம் செய்தவர் போப் முதலாம் கிரகோரி. கீழைச் சபைகள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. பெயர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

நாசரேத்துப்பேரன்:
ஏழு பிசாசு அண்ணாச்சி, ஏழு பிசாசு. மகதலேனாவை விட்டு ஏழு பிசாசு நீங்கிற்று என்று அதே 8:2-ல் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஒழுங்கான குடும்பப் பெண்ணுக்குள் ஏழு பிசாசு எப்படிப் போகும்?

கலிலேயன்:
கதரேனர் நாட்டில் கல்லறைகளுக்குள் கிடந்தவனிடம் இருந்தது லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம். விரட்டியதும் இரண்டாயிரம் பன்றிக்குள் போயிற்று. அவனை எந்தப் போதகராவது ஒழுக்கம் கெட்டவன் என்றாரா? அவன் என்றால் பாவம், நோயாளி. பொம்பளை என்றால் ஏழுக்கே வேசியா? இன்னொன்று, லூக்கா 7-ல் இருப்பது "பாவியாகிய ஒரு ஸ்திரீ", அவ்வளவுதான். லூக்கா 5:8-ல் பேதுருவும் "நான் பாவியான மனுஷன்" என்கிறார். அவர் என்ன தொழில் செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

முத்துக்குளித்துறை:
நாசரேத்துத் தம்பி, போப் என்றாலே முகம் சுளிப்பீர்களே, இந்த விஷயத்தில் மட்டும் போப் பின்னால் இவ்வளவு விசுவாசமாக நிற்கிறீர்கள்! ஏழு பிசாசு என்றால் எல்லாத் தீயொழுக்கமும்தான் என்று விளக்கம் கொடுத்ததே அந்தக் கிரகோரிதானே. கத்தோலிக்கரான நாங்கள் 1969 நாட்காட்டித் திருத்தத்தோடு மகதலேனா திருநாளுக்கு லூக்கா 7 வாசகத்தை விட்டுவிட்டு, உயிர்த்த ஆண்டவரை அவர் தோட்டத்தில் சந்திக்கும் யோவான் 20-க்கு வந்துவிட்டோம். 2016-ல் அந்தத் திருநாளான ஜூலை 22-ஐ அப்போஸ்தலர் நாட்களுக்கு நிகரான விழாவாகவே உயர்த்தியாயிற்று. அப்புறம் கலிலேயன், அது பரணி இல்லை, படிகச் சிமிழ். "வருகிறாள்" இல்லை, "வருகிறார்".

நாசரேத்துப்பேரன்:
சிமிழில் குங்குமம்தான் வைப்பார்கள்.

முத்துக்குளித்துறை:
பரணியில் ஊறுகாய்தான் போடுவார்கள்.

நாசரேத்துப்பேரன்:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து பரணிதான். 1995-ல் வந்த வேதாகம மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எங்களுக்குத் தமிழ் சொல்லித்தராதீர்கள். சரி, யோவான் 11:2 பாருங்கள். தலைமயிரால் பாதத்தைத் துடைத்தவள் மரியாள் என்று பெயரோடு இருக்கிறது. லூக்கா 7-லும் தலைமயிர்தான். போதுமா?

கலிலேயன்:
போதாது. யோவான் சொல்வது லாசருவின் சகோதரி, பெத்தானியா மரியாள். அது எருசலேமுக்குப் பக்கத்து ஊர். மகதலேனாவின் ஊரான மகதலா இருப்பது வடக்கே கலிலேயாக் கடலோரம். பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா? உங்கள் தெருவில் எத்தனை ஜெபராஜ்? நான் கேட்டது லூக்கா ஏழு. ஏழில் பெயர் எங்கே?

நாசரேத்துப்பேரன்:
மாற்கு 16:9-லும் ஏழு பிசாசு. இரண்டு சாட்சி.

ஓரமாய்நிற்பவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள பகுதி வத்திக்கான், சினாய் என்ற இரண்டு நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளிலும் இல்லை. அவற்றில் எட்டாம் வசனத்தோடு மாற்கு முடிந்துவிடுகிறது.

நாசரேத்துப்பேரன்:
வந்துவிட்டார் ஐயா, வேதத்துக்குக் கத்தரிக்கோல் போட! ரோமர் 16:7-ல் யூனியா பெண் அப்போஸ்தலர் என்று போன மாதம் நாலு நாள் எங்கள் கழுத்தை அறுத்தவர் நீங்கள்தானே?

ஓரமாய்நிற்பவன்:
நான் மட்டுமா சொன்னேன்? நான்காம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா கிறிசோஸ்தோம் அவளைப் பெண்ணாகத்தான் பேசுகிறார்.

முத்துக்குளித்துறை:
அவரை.

கலிலேயன்:
யூனியாவுக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். மாற்கு 16 இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஏழு பிசாசை நான் எங்கே மறுத்தேன்? பிசாசு இருந்தது, நீங்கிற்று, அப்புறம் தன் ஆஸ்தியால் ஊழியத்தைத் தாங்கினாள். லூக்கா 8:3-ஐ வாசியுங்கள். எல்லாரும் ஓடினபோது சிலுவையருகே நின்றவள் அவள். காலையில் கல்லறைக்குப் போனவளும் அவளே. அவளுக்குத்தான் நீங்கள் கவரிங் மாட்டிவிடுகிறீர்கள்.

நாசரேத்துப்பேரன்:
எங்கள் சபையில் கவரிங்கும் இல்லை, நாடகமும் இல்லை. உங்கள் சபையில் நடந்ததற்கு உங்கள் போதகரைக் கேளுங்கள், இங்கே வந்து ஏன் ஒப்பாரி? ஜெபக்கூட்டத்துக்கு நேரமாயிற்று. ராத்திரி வருகிறேன். ஏழு பிசாசு.

கலிலேயன்:
வரும்போது வசனத்தோடு வாருங்கள். ஏழாம் அதிகாரத்திலிருந்து.