லேயர்: அடுக்கா, ஏடா, புரையா?

தர்மபுரி, ஐ.டி.ஐ. பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். டிராப்ட்ஸ்மேன் சிவில் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் (கணினியில் படம் வரையும் மென்பொருள்) கையேடு ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். கோடு, வட்டம், வில், செவ்வகம், நீள்வட்டம் எல்லாம் பள்ளியிலேயே படித்த சொற்கள், சிக்கல் இல்லை. பாலிலைனுக்குத் 'தொடர்கோடு' என்று போட்டுவிட்டேன். லேயரில், அதாவது படத்தில் உள்ளவற்றை வகைவகையாகப் பிரித்து வைத்து வேண்டியபோது காட்டவும் மறைக்கவும் உதவும் வசதியில், வந்து நின்றுவிட்டேன். 'அடுக்கு' என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு பையன், "சார், ரெண்டோட அடுக்கு மூணு மாதிரியா?" என்றான். கணக்குப் பாடம் அவனை விடவில்லை.

அவனையும் குறை சொல்ல முடியாது. முப்பதுக்கு நாற்பது மனையில் வீட்டுப் படம் வரையச் சொல்லியிருந்தேன். சுவர், கதவு, ஜன்னல், கட்டில், அளவு எல்லாமே '0' லேயரில். ஒயரிங் படத்துக்குக் கட்டிலையும் நாற்காலியையும் எடுத்துவிடு என்றதும், ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் தொட்டு அழித்துக்கொண்டிருந்தான். லேயர் புரிந்திருந்தால் ஒரே சொடுக்கு. கேட்டவுடன் விளங்குகிற சொல் வேண்டும். உதவுங்கள்.

ஓசூர், தொழிற்சாலையில் படம் வரைபவர்:

சார், 'லேயர்' என்றே எழுதிவிடுங்கள். சிப்காட்டில் எந்தக் கம்பெனி நேர்காணலிலும் 'அடுக்கு எப்படித் திறப்பாய்' என்று கேட்கப் போவதில்லை.

ஆனால் அடுக்கை நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. அடுக்கு என்றால் ஒன்றின் மேல் ஒன்று. பானை அடுக்கு, மூட்டை அடுக்கு. போட்டோஷாப்பில் லேயர் அப்படித்தான் இருக்கும். ஆட்டோகேடில் லேயருக்கு மேல், கீழ் கிடையாது. எந்தக் கோடு எதை மறைக்கும் என்பது டிரா ஆர்டர், அது அந்தந்தப் பொருளுக்குத் தனித்தனி. லேயர் பட்டியலில் தெரிவது பெயர் வரிசை மட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோலம்) சுவர்க்கோட்டை மறைக்கிறதே என்று லேயர் பெயரை மாற்றி மாற்றிப் பட்டியலில் கீழே தள்ளிப் பார்த்தேன். அரை நாள் போனது. சொல்லே தப்பாக வழிகாட்டினால் பிள்ளைகளும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

கிருஷ்ணகிரி, கட்டடப் படம் வரைபவர்:

ஆட்டோகேட் வந்ததே 1982இல். அதற்கு முன்பே டிரேசிங் ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஓரத்து ஓட்டையில் ஊசி மாட்டி நகராமல் நிறுத்தி வரைந்தார்கள். லேயர் அங்கிருந்து வந்ததுதான். அதனால் 'தாள்' என்று சொல்லலாமே? இன்னொன்று, இலங்கைப் பாடநூல்களில் ஓசோன் 'படை' என்று இருக்கிறது. அதையும் பார்க்கலாம்.

தர்மபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'தாள்' வேண்டாம். அச்சிடும் பக்கத்துக்கு நாளைக்கு அதே சொல் வேண்டியிருக்கும். 'படை' நல்ல சொல், ஆனால் நம் பக்கத்தில் படை என்றதும் கை சொறியத்தான் போகும். 'படலம்' கம்பனுக்குப் பழகியது, ஓசோனுக்கும் பழகியது. வடசொல் என்பதால் மட்டும் நான் ஒதுக்கவில்லை, அது கண்ணை மறைப்பதையும் குறிக்கும். 'ஏடு' எனக்குப் பிடிக்கும். பால் காய்ந்து ஆறும்போது மேலே படிகிறதே, அதுவும் ஏடுதான். ஆனால் நாளேடு, பதிவேடு என்று காகிதப் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டது. நம் ஊர் தகடூர் ஆயிற்றே, 'தகடு' என்று வைக்கலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். அதியமான் பொறுக்கட்டும், தகட்டுக்குள் எதுவும் தெரியாது.

என் தேர்வு 'புரை'. தெலுங்கில் வெங்காயத் தோலுக்கும் கண்ணில் படர்வதற்கும் 'பொர'. கன்னடத்தில் பாம்புச் சட்டை 'பொரெ'. நம்மிடம் 'கண்புரை' இன்னும் உயிரோடு இருக்கிறது. புரை என்றால் மடிப்பு, ஏடு என்ற பொருள் தமிழிலேயே உண்டு. ஓசூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். அவர்களுக்கு இது வீட்டுச் சொல். உவம உருபுகளில் 'புரைய'வும் ஒன்று, 'வேய்புரை தோள்' நினைவிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதால்தான் ஒப்புமைப் பொருளும் வந்ததோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஓசூர்:

ஐயா, 'புரைதீர்ந்த நன்மை' என்று குறள் 292இல் படித்திருக்கிறோம். அங்கே புரை என்றால் குற்றம். புரையோடிய புண், புரையேறுவது, எதுவும் நல்ல சேதி இல்லையே. என் வீட்டிலும் தெலுங்குதான், 'பொர' எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தில் ஒரு புரையைச் சேர் என்று என்னால் ஒரு பையனிடம் சொல்ல முடியாது.

தர்மபுரி, பயிற்றுநர்:

ஐயா, அம்மா, இருவர் மடலையும் அச்செடுத்து வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் 'அடுக்கு'க்கே கைதூக்கினார்கள். புரைக்கு இரண்டு கை, இரண்டும் ஓசூர்ப் பக்கத்துப் பையன்கள். நேரம் இல்லை. கையேட்டில் முதல் இடத்தில் 'அடுக்கு என்னும் லேயர்', அப்புறம் முழுக்க லேயர். "அடுக்கு என்றாலும் இதற்கு மேல், கீழ் இல்லை" என்று கட்டம் கட்டி ஒரு வரி போடுகிறேன். அது ஓசூர் அம்மா தந்த வரி.

லேயரை ஆஃப் செய்வதற்கு 'அணை', ஃப்ரீஸுக்கு 'உறையவை', உறைந்ததை மீட்கும் தாவுக்கு (thaw) 'உருக்கு', லாக்குக்குப் 'பூட்டு' என்று வைத்திருக்கிறேன். பூட்டிய லேயர் கண்ணுக்குத் தெரியும், திருத்த முடியாது. அணைத்தது தெரியாது, ஆனால் ரீஜென் (படத்தை மறுபடி கணக்கிட்டுத் திரையில் காட்டுவது) செய்யும்போது மென்பொருள் அதையும் கணக்கில் எடுக்கும். உறையவைத்ததை எடுக்காது, அதனால் பெரிய படம் வேகமாக ஓடும். இந்த வேறுபாட்டைச் சொற்கள் காட்டுகின்றனவா?

தர்மபுரி, தமிழாசிரியர்:

'உறை' என்றால் தங்கு என்றும் பொருள், உறைவிடம் என்கிறோமே. மறைந்திருந்தாலும் அந்த லேயர் படத்துக்குள்ளேதான் உறைகிறது. மிகப் பொருத்தம், மாற்றாதீர்கள். அடுக்குக்கு நான் இசையவில்லை. கணக்கு ஆசிரியர் 'அடுக்கு' நடத்தும் அதே கட்டடத்தில் நீங்களும் அதையே வேறு பொருளில் சொன்னால் அந்தப் பையன் மறுபடி கேட்பான். புரைக்குக் கைதூக்கிய இரண்டு பிள்ளைகளிடம், வீட்டில் பாட்டி அதை எதற்கெல்லாம் சொல்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த கையேட்டுக்குள் வந்தால் போதும்.